ஈரலுக்கு முகம் சுளித்த மேடத்துக்கு

"நீங்களும் அந்தக் கூட்டத்துலதானே இருந்தீங்க, ஏன் ஒண்ணும் எழுதல?" என்று இன்பாக்ஸில் ஆளாளுக்குக் கேட்டாயிற்று. எங்கள் மாவட்டத்துப் பெண்களுக்கு ஊட்டச்சத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க, சென்னையிலிருந்து ஒரு நிபுணர் மேடத்தைக் கூட்டி வந்து நடத்திய கூட்டம் அது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீடியோ போட்டவர்கள் போட்டுவிட்டார்கள், சிரித்தவர்கள் சிரித்துவிட்டார்கள், நமக்கென்ன என்று. ஆனால் நேற்று ராத்திரி ஒரு படித்த மனிதர், "மேடம் சொன்னதில் என்ன தப்பு? சயின்ஸைத்தானே சொன்னாங்க" என்று எழுத, அதற்கு விழுந்திருக்கிற லைக்குகளைப் பார்த்தபின் தூக்கம் வரவில்லை.

சயின்ஸா? சரி, சயின்ஸே பேசுவோம்.

ரத்தசோகைக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்டது மேடம்தான். மேலப்பாளையத்து லாத்தா (முஸ்லிம் வீட்டு அக்கா) ஒருவர் எழுந்து, "மாட்டு ஈரல் சாப்பிடலாம்லா மேடம், எங்க உம்மா அதான் ஆக்கித் தருவாவ" என்றார். மேடம் மூக்கைச் சுளித்து, "அதெல்லாம் இங்க வேண்டாம்மா, பீட்ரூட் ஜூஸ் குடிங்க" என்றார். முன்வரிசையில் சிரிப்பு. லாத்தா உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு கூட்டம் முடியும்வரை வாயே திறக்கவில்லை.

100 கிராம் பீட்ரூட்டில் இருக்கும் இரும்பு 1 மில்லிகிராமைத் தொடுவதே பாடு. ஈரலில் அதைப்போலப் பல மடங்கு. போதாததற்கு, மாமிசத்தில் இருக்கும் இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும், காய்கறியில் இருப்பதை அவ்வளவு சுலபத்தில் எடுக்காது. பீட்ரூட்டில் ஃபோலேட் என்ற வைட்டமின் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சிவப்பாக இருப்பதாலேயே அது ரத்தமாகிவிடும் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. கர்ப்பிணிகள் ஈரலை அடிக்கடி சாப்பிட வேண்டாம், வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சிப் போகும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது சயின்ஸ், எழுந்து நின்று கை தட்டியிருப்பேன். மூக்குச் சுளிப்புக்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் கொடுக்கிறார்கள்?

அந்த அறையில் சரியான விடையைச் சொன்ன ஒரே ஆளை உட்கார வைத்தார்கள். என் கோபமெல்லாம் அதுதான். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டும். என்ன சாப்பிடுகிறீர்கள், யார் ஆக்குகிறார்கள், யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள் என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு அப்புறம் ஸ்லைடைப் போடுங்கள்.

யார் யார் வந்திருந்தார்கள் தெரியுமா? முக்கூடலிலிருந்து பீடி சுற்றும் பெண்கள். உவரி, இடிந்தகரைப் பக்கமிருந்து மீன்கார அக்காமார். காரையாறு மேலேயிருந்து காணிப் பழங்குடிப் பெண்கள் மூன்று பேர், எத்தனை மணிக்குக் கிளம்பினார்களோ. அம்பாசமுத்திரத்து சைவ வீட்டு மாமிகள். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் பீகார்ப் பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு. இத்தனை பேருக்கும் ஒரே தட்டு: ப்ரோக்கோலி, கினோவா, அவகாடோ, ஆலிவ் எண்ணெய். திசையன்விளைச் சந்தையில் கினோவா விற்கிறார்களா என்று எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா நிஜமாகவே கேட்டார். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

அந்த அக்கா வீட்டில் வாரத்தில் பாதி நாள் சாளை. விலை போகிற மீன் ஏலத்துக்குப் போய்விடும், சாளை குழம்புச் சட்டிக்கு வரும். புரதம், ஒமேகா-3 கொழுப்பு, முள்ளோடு மென்றால் கால்சியம். இதை அவரிடம் சொல்ல ஒரு நிமிஷம் போதும். கூடவே, கருவாட்டில் உப்பு அதிகம், ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, பிரஷர் இருந்தால் கருவாட்டை நன்றாக ஊறவைத்துக் கழுவி, குழம்பில் உப்பைக் குறைத்துப் போடுங்கள், தினமும் வேண்டாம் என்றும் சொல்லலாம். அவர் கேட்பார். தன் சட்டியைப் பற்றிப் பேசினால் யாரும் கேட்பார்கள்.

பீடிக்காரப் பெண்களுக்குக் கீரையைப் பற்றிப் பாடம் எடுத்தார் மேடம். முருங்கைக்கீரை அவர்கள் கொல்லையிலேயே நிற்கிறது! அவர்களுடைய சங்கடம் வேறு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. எழுந்தால் கூலி குறையும். அதனால் மடியில் தட்டோடு உட்கார்ந்தபடியே டீயைக் குடித்துக் குடித்துப் பசியை ஆற்றுகிறார்கள், இரும்புச்சத்து மாத்திரையையும் அந்த டீயிலேயே விழுங்குகிறார்கள். டீயில் இருக்கும் டானின் இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடு, எலுமிச்சம்பழத் தண்ணீரில் போடு என்று சொன்னால் காசு செலவில்லாமல் பாதி வேலை முடிந்தது. இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டாம். "மாத்திரையை எதுல போடுதிய?" என்று கேட்டால் போதும். கேட்கவில்லையே!

நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. இத்தனை வருஷம் போஸ்டர் ஒட்டியும் இந்த நிலைமை. போஸ்டரில் இன்னும் பீட்ரூட்.

இப்போது வருவார்கள். "இரும்புச்சத்து சாதி மதம் பார்க்குமா? உடம்பு எல்லாருக்கும் ஒண்ணுதானே?" உடம்பு ஒன்றுதான் சார், அடுப்படி ஒன்றில்லை. முட்டை சாப்பிடுங்கள் என்று மேடம் அடித்துச் சொன்னபோது புரட்டாசி பிறக்க நாலு நாள்தான் இருந்தது. சைவ மாமிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். அவர்களிடம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் அவியலும் பற்றிப் பேசியிருக்கலாம். தோலுளுந்தில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம். நம்ம ஊரில் பெண்பிள்ளை வயசுக்கு வந்தால் உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கிறோமே, அப்புறம் ஏன் கல்யாணமானதும் அவளுக்கு உளுந்து மறந்துபோகிறது என்று கேட்டிருக்கலாம். காணிப் பெண்களிடம் மரச்சீனிக் கிழங்கு வயிற்றை நிறைக்கும், புரதம் கொடுக்காது, கூட மீனோ பயறோ சேருங்கள் என்று சொல்லியிருக்கலாம். நோன்பு வைக்கிற சர்க்கரை நோயாளியிடம் "நோன்பே வைக்காதே" என்று அதட்டினால் அவர் வைக்கத்தான் செய்வார், உங்களிடம் சொல்லமாட்டார், அவ்வளவுதான். ரமலானுக்கு முன்னாலேயே மருத்துவரைப் பார்த்து மாத்திரை நேரத்தைக் கேட்டுக்கொள்ளச் சொல்வதல்லவா நம் வேலை?

இந்தப் பக்கம் இன்னொரு கூட்டம் எனக்குக் கை தட்டத் தயாராக இருக்கும். "அப்படிப் போடுங்க, நம்ம பாரம்பரியம்தான் மருந்து!" ஐயா, உங்களோடும் எனக்குச் சண்டைதான். கருப்பட்டியும் சர்க்கரையைத்தான் ஏற்றும். கருப்பட்டிக் காப்பியை டம்ளர் டம்ளராகக் குடித்துவிட்டுக் காலில் புண்ணோடு வருகிறவர்களைப் பார்த்தவள் நான். கேட்பது என்றால் தலையாட்டுவது என்று அர்த்தமில்லை.

சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், சொல்லிவிடுகிறேன். எங்கம்மாவுக்குச் சர்க்கரை வந்தபோது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டயட் சார்ட் கொடுத்தார்கள். காலையில் ஓட்ஸ், பதினோரு மணிக்கு ரெண்டு மேரி பிஸ்கட், ராத்திரி கோதுமை ரொட்டி. அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். எல்லோருக்கும் ஆக்கிப் போட்டுவிட்டு, தனக்கென்று அந்த ஓட்ஸைக் கரைத்து, யாரும் பார்க்காதபோது குடிப்பாள். ஒரு கட்டத்தில் கல்யாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டாள். "மறுவீட்டுச் சொதிய எலையில ஊத்துவாவ, வேண்டாம்னு எப்படிட்டி சொல்ல?" என்பாள். சொந்தத் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. சித்திக்கு அந்த வருத்தம் இன்றுவரை இருக்கிறது. சர்க்கரையாவது இறங்கியதா? இறங்கவில்லை. கடைசியில் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாதான், "சோத்துல நாலுல ஒரு பங்கைக் குறைங்கம்மா, அவியல் ரெண்டு கரண்டி கூட வைங்க, சாப்பிட்டதும் தெருக்கோடி வரைக்கும் நடங்க" என்றார். அதில்தான் இறங்கியது. அந்த நர்ஸம்மா அம்மாவிடம் முதலில் கேட்டது, "இன்னைக்கு என்ன கொழம்பு?" அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அதை யாரும் கேட்கவில்லை. நான் அப்போது இதே ஊட்டச்சத்துப் படிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் புத்தகங்களிலும் அந்தக் கேள்வி இல்லை.

இத்தனைக்கும் இந்த நாட்டில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி தொடங்கியதே சோற்றைப் பற்றிய கேள்வியில்தான். 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோயை ஆராய உட்கார்ந்தார். அந்தச் சின்ன ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. தீட்டிய பச்சரிசியே கதியென்று இருந்தவர்களுக்குப் பெரிபெரி வந்தது, புழுங்கலரிசிக்காரர்களுக்கு அவ்வளவாக வரவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின், அதாவது பெரிபெரியைத் தடுக்கும் வைட்டமின், அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் ஆச்சிமார் அவித்த நெல்லில் இருந்த சங்கதி இது. மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்காமல் இதையெல்லாம் யார் கண்டுபிடித்திருக்க முடியும்?

"மேடம் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்." இருக்கட்டும்.

"முக்கால் மணி நேரத்தில் அத்தனை பேரிடம் எப்படிக் கேட்பது?" இது நியாயமான கேள்விதான். குத்துவிளக்கு ஏற்றி, சால்வை போர்த்தி, வரவேற்புரை வாசிக்க அதைவிட அதிக நேரம் போனது. அதில் கொஞ்சம் எடுத்திருக்கலாம். அதற்கு மேல் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, வேண்டியதும் இல்லை.

"உன்னைப் பேசக் கூப்பிடவில்லை, அந்த எரிச்சல்." ஆமாம், கூப்பிடவில்லை. இந்த மாவட்டத்தில் பஸ் ஏறிப் போய்ப் பீடித் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட மாட்டார்கள். எங்களுக்கு ஸ்லைடு போடத் தெரியாது, தமிழில் வேறு பேசித் தொலைப்போம். சென்னையிலிருந்து கார் அனுப்பிக் கூட்டி வந்தால்தான் நிபுணர். இங்கேயே கிடப்பவள் "அந்தப் பொம்பளை". எரிச்சல் இருக்கிறது. அதற்காக பீட்ரூட்டில் இரும்பு கூடிவிடுமா?

இன்னொன்று. அன்றைக்கு அரங்கில் சிரித்தவர்களில் எனக்குத் தெரிந்த முகங்கள் உண்டு. மாட்டுக்கறி என்றால் சிரிப்பு வருகிறது, கினோவா என்றால் குறிப்பெடுக்கத் தோன்றுகிறது. இதில் ஊட்டச்சத்து எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். அந்த லாத்தா அடுத்த கூட்டத்துக்கு வருவாரா? அவர் குழுவிலிருந்து வேறு யாராவது வருவார்களா? அந்த பீகார்ப் பெண்ணுக்கு மொழியும் புரியவில்லை, கடைசிவரை யாரும் ஒரு வார்த்தை பேசவுமில்லை. குழந்தைக்கு என்ன கொடுக்கிறாய் என்று கையால் சைகை காட்டிக்கூடக் கேட்கலாமே.

அடுத்த மாதம் வள்ளியூர்ப் பக்கம் இன்னொரு கூட்டமாம். அதே மேடம், அதே ஸ்லைடு என்று கேள்வி. ஏற்பாடு செய்கிறவர்கள் இதைப் படித்தால் ஒரு காரியம் செய்யுங்கள். வருகிற பெண்களிடம் முந்தின நாள் ராத்திரி என்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எழுதத் தெரியாதவர்களிடம் கேட்டு நீங்களே எழுதுங்கள். மேடம் மேடையேறுவதற்கு முன் அதை அவர் கையில் கொடுங்கள். அரை மணி நேர வேலை. அதுவும் முடியாதென்றால் சால்வைக்கு வைத்திருக்கும் காசில் வந்தவர்களுக்கெல்லாம் சுண்டல் வாங்கிக் கொடுங்கள். அதிலாவது புரதம் இருக்கும்.