எண்களைத் தாங்களே செய்துகொண்ட பிள்ளைகள்

கணினி அறிவியல் படித்த எல்லோரும் பதினாறு பதினாறாக எண்ணும் பதினாறு அடிமான எண்முறையை முதலாண்டிலேயே பார்த்திருப்போம். ஒன்பது வரை வழக்கமான இலக்கங்கள். அதற்கு மேல் இலக்கம் தீர்ந்துபோகிறது. பத்துக்கு ஏ, பதினொன்றுக்கு பி என்று ஆங்கில எழுத்துகளைக் கடன் வாங்கிப் பதினைந்துக்கு எஃப் வரை ஒப்பேற்றிவிட்டார்கள். ஏ என்ற எழுத்தின் வடிவத்தில் பத்து எங்கும் இல்லை. மனப்பாடம் செய்தால்தான் உண்டு. இதே சிக்கல் 1994-இல் அலாஸ்காவின் வடகோடியில், காக்டோவிக் என்ற சிற்றூரின் பள்ளிக்கூடத்தில் எழுந்தது. அங்கே நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் கண்ட தீர்வு, கணினித் துறை கண்ட தீர்வைவிட மேலானது என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைகளின் சொந்தப் பண்பாட்டிலிருந்து கணினியைக் கற்பிப்பது பற்றிப் பேச வேண்டுமென்றால் நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

காக்டோவிக், ஆர்க்டிக் கடலோரத்தில் பார்ட்டர் தீவில் இருக்கிறது. இன்யுபியாட் என்ற பழங்குடி மக்களின் ஊர், சில நூறு பேர் மட்டுமே வாழ்கிறார்கள். அவர்களுடைய மொழி இருபது இருபதாக எண்ணுகிறது. அந்த இருபதுக்குள் ஐந்தைந்தாகப் பிரிக்கிறது. ஒரு கை முடிந்தால் ஐந்து, கைவிரல் கால்விரல் எல்லாம் முடிந்தால் இருபது. பள்ளியில் சொல்லிக்கொடுத்ததோ பத்துப் பத்தாக. வில்லியம் பார்ட்லி என்ற ஆசிரியரின் கணித வகுப்பில் தங்கள் வீட்டு எண்ணிக்கையை எழுதிப் பார்க்கப் பிள்ளைகள் முயன்றபோது பத்து இலக்கங்கள் போதவில்லை. முதலில் இன்னும் பத்துக் குறிகளைப் புதிதாக வரைந்தார்கள். அவை நினைவில் நிற்கவில்லை. நம் மொழியே ஐந்தைந்தாகப் பிரித்துத்தானே எண்ணுகிறது, குறியும் அப்படியே இருக்கட்டுமே என்று அதன் பிறகு முடிவு செய்தார்கள்.

கீழே சாய்ந்த கோடுகள் ஒன்றுகளைக் காட்டும், நான்கு வரை. மேலே படுத்த கோடுகள் ஐந்துகளைக் காட்டும், மூன்று வரை. பத்தொன்பது என்றால் மேலே மூன்று, கீழே நான்கு. குறியைப் பார்த்தவுடன் மதிப்பு தெரிய வேண்டும், விரைவாக எழுத வர வேண்டும், வழக்கமான இலக்கங்களோடு குழம்பக் கூடாது, பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும் என்று தங்களுக்குத் தாங்களே நிபந்தனை போட்டுக்கொண்டார்கள். சுழியத்துக்கு அவர்கள் மொழியில் சொல் இல்லை. ஒரு மாணவி இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காக வைத்துக் காட்ட, அந்த வடிவமே சுழியம் ஆயிற்று. 1994 என்ற ஆண்டையே அவர்கள் முறையில் எழுதினால் மூன்று இலக்கம் போதும்: நான்கு, பத்தொன்பது, பதினான்கு. நான்கு நானூறுகள், பத்தொன்பது இருபதுகள், பதினான்கு ஒன்றுகள். கூட்டிப் பாருங்கள்.

இந்த முறையில் கணக்கு கண்ணுக்கே தெரிகிறது. இரண்டுக்கான குறி ஆங்கில வி போல இருக்கும். இரண்டும் இரண்டும் கூட்டினால் இரண்டு வி ஒட்டிக்கொண்டு டபிள்யூ ஆகும், அதுதான் நான்கு. கழித்தல் என்றால் கோடுகளை எடுத்துவிடுவது. நீள்வகுத்தலில்கூட எந்தத் துண்டு எத்தனை முறை உள்ளே அடங்குகிறது என்று பார்த்தே சொல்ல முடிகிறது. பள்ளிப் பட்டறையில் இருபது அடிமான மணிச்சட்டமும் செய்துகொண்டார்கள். ஓர் எண்ணின் மதிப்பும் அதை எழுதும் முறையும் வேறுவேறு, எழுதும் முறையை நாமே வடிவமைக்கலாம், நல்ல வடிவமைப்பு வேலையை எளிதாக்கும் என்பவை கணினி அறிவியலின் அடித்தளப் பாடங்கள். பல பொறியியல் மாணவர்களுக்கு நான்காம் ஆண்டிலும் பிடிபடாத இதைக் காக்டோவிக் பிள்ளைகள் பாட்டி தாத்தா எண்ணும் விதத்திலிருந்தே பிடித்துக்கொண்டார்கள்.

1997-இல் நடந்த தரப்படுத்தப்பட்ட கணிதத் தேர்வில் அந்தப் பள்ளியின் நடுநிலை வகுப்புகள் நாட்டுச் சராசரிக்கு மேலே போயின. அதற்கு முன்பு வெகு கீழே இருந்தவை. சிறிய பள்ளி, ஆகவே இந்த ஒரு முடிவை வைத்துப் பெரிய கோட்டை கட்ட மாட்டேன். 1998-இல், இன்யுபியாட் உள்ளிட்ட வடமுனை இன்யூட் மக்களின் அமைப்பான இன்யூட் வட்டமுனைப் பேரவை இந்த எண்களைப் பரிந்துரைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் தேர்வு மதிப்பெண்ணையே அளவுகோலாக்கிய கல்விச் சட்டம் அமெரிக்காவில் வந்தது. வகுப்பறையில் இந்த எண்களுக்கு இடம் சுருங்கியது. அதற்கும் வெகுகாலத்துக்குப் பிறகு, உலக எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் குறியெண் தரும் யூனிகோடு தரநிலையின் 2022 செப்டம்பரில் வெளிவந்த 15-ஆம் பதிப்பில் இருபது குறிகளும் இடம்பெற்றன. அந்தப் பதிப்பை ஏற்ற கணினிகள் இன்று அவற்றைத் தனி எழுத்துக்குறிகளாக அடையாளம் கண்டுகொள்ளும்.

பண்பாட்டோடு இயைந்த கணினிக் கல்வி என்று யார் பேசினாலும் நான் ஒன்றைத்தான் பார்ப்பேன். முன்னோரின் அறிவு அந்த வகுப்பில் வேலை செய்கிறதா, அல்லது சுவரில் தொங்குகிறதா? பாடப்புத்தக அட்டையில் பழங்குடி ஓவியம், கணக்கில் ராமுவுக்குப் பதில் ஓர் இன்யுபியாட் பெயர் என்பதெல்லாம் சுவரில் தொங்குகிற வகை. பிள்ளைக்கு அது எதையும் திறந்துவிடாது.

வேலை செய்கிற வகைக்கு இன்னொரு சான்று அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் இருக்கிறது. ரான் எக்லாஷ் என்ற ஆய்வாளரின் குழு, ஷோஷோன்-பானக் மக்களின் பள்ளியோடு சேர்ந்து, மணித்தறியைக் கணினித் திரையில் உருவாக்கியது. மணிகளைக் கோக்கும் தறி இயல்பாகவே கட்டங்களால் ஆனது. கிடையாக எத்தனை, மேலாக எத்தனை என்று சொன்னால் ஒரு மணியின் இடம் தெரிந்துவிடும். ஆய அச்சுப் பாடம் அதிலேயே கிடக்கிறது. குழு முதலில் முக்கோணம் வரையக் கணினித் துறையில் எல்லோரும் பயன்படுத்துகிற அல்காரிதத்தை, அதாவது படிப்படியான செய்முறையை, வைத்தது. மூன்று முனைகளைக் கொடுத்தால் இடைப்பட்டதை அது நிரப்பும். ஆனால் விளிம்பு ஒழுங்கில்லாமல் வந்தது. மணி கோக்கும் பெண்களின் முக்கோணங்களிலோ விளிம்பு சீராகப் படி இறங்கும். அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தபோது அது ஒரு விதியாக இருந்தது: ஒவ்வொரு வரிசை ஏறும்போதும் ஓரத்தில் இத்தனை மணி குறை, மீண்டும் செய். நிரலில் மடக்கு என்று நாம் கற்பிக்கிற அதே சங்கதி. அந்த விதியை வைத்து இரண்டாவது முக்கோணக் கருவியைச் செய்து சேர்த்தார்கள். மென்பொருளைத் திருத்தியது அந்தப் பெண்களின் முறைதான். பாடம் இரு திசையிலும் ஓடியது என்பதால்தான் இந்த முயற்சியை நான் மதிக்கிறேன்.

கணினி உலகுக்கே பொதுவானது, அதில் எதற்குப் பண்பாடு என்று கேட்பவர்கள் உண்டு. இப்போதைய பாடத்திலும் பண்பாடு இருக்கத்தான் செய்கிறது. யாருடையது என்பதுதான் கேள்வி. ஒரு நிரல் தன்னையே மீண்டும் அழைக்கும் மறுசுழல் அழைப்பைக் கற்பிக்க உலகம் முழுக்கக் காட்டுவது, மூன்று கம்பங்களுக்கிடையே வட்டுகளை மாற்றி அடுக்கும் ஹனோய் கோபுரம். 1883-இல் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா விற்பனைக்கு விட்ட விளையாட்டுச் சாமான். நிகழ்தகவுக்குச் சீட்டுக்கட்டு. இவையும் ஓர் ஊரிலிருந்து வந்தவைதாம். பழகிப்போனதால் ஊரற்றவை போலத் தெரிகின்றன.

எதிர்த்திசையில் நடக்கும் கேடு என்னை இன்னும் கோபப்படுத்துகிறது. கணினியை நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டார்கள், எல்லாம் ஓலைச்சுவடியில் இருக்கிறது என்று நாளொரு பதிவு வருகிறது. அதில் எந்தச் சுவடி என்று இருக்காது, எந்த வரி என்று இருக்காது, ஒரு பிள்ளை செய்து பார்க்க எதுவுமே இருக்காது. காக்டோவிக் பிள்ளைகள் தங்கள் மூதாதையரிடம் எல்லாம் இருந்தது என்று சொல்லவில்லை. சுழியம் இல்லை என்று கண்டார்கள், செய்தார்கள்.

நம்மிடம் உண்மையிலேயே நடந்த வேலை ஒன்று இருக்கிறது. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-இல் கோலங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சொற்கோவைகளை உருவாக்கும் முறைசார் இலக்கணத்தை இரு பரிமாணப் படங்களுக்கு விரித்து, அந்த இலக்கணத்தால் கோலங்களை உருவாக்கிக் காட்டினார்கள். கோட்பாட்டுக் கணினியியலில் இடம்பெற்ற வேலை. நான் படித்த கல்லூரியில் முறைசார் மொழிகள் பற்றி ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடந்தது. இதைப் பற்றி ஒரு வரி வரவில்லை. வகுப்பில் பாதிப் பேருக்குச் சிக்குக் கோலம் போடத் தெரியும்.

நேர்ப்புள்ளியில் போட்டுப் பாருங்கள். மூன்றுக்கு நான்கு புள்ளி வைத்து, இடையில் எங்கும் கோட்டைத் திருப்பாமல் முழுக்கப் பின்னினால் ஒரே கம்பியில் முடியும். நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு தனிக் கம்பிகள் வரும். கம்பிகளின் எண்ணிக்கை அந்த இரு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி. அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்துக் கதை சொல்லிக்கொண்டே வரையும் சோனா ஓவியங்களிலும் இதே விதி இருக்கிறது. மொசாம்பிக்கில் பணியாற்றிய பாவுலுஸ் கெர்டெஸ் அதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்த வகுத்தியைக் காணும் யூக்ளிடின் முறையை நிரலாக எழுதச் சொல்லும் ஆசிரியர், முதலில் பிள்ளைகளைத் தரையில் புள்ளி வைக்கச் சொல்லலாம். எத்தனை கம்பி வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று கேட்கலாம். பிறகு நிரல்.

ஆனால் ஓர் இடத்தில் நிதானம் வேண்டும். கோலம் பெரும்பான்மைச் சமூகத்தின் கலை. இன்யுபியாட் பிள்ளைகளின் இடத்தில் தமிழ்நாட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், நீலகிரியின் தோடர் பிள்ளை, இருளர் பிள்ளை, காணிக்காரர் பிள்ளை. அந்தப் பிள்ளைகளிடம் கோலத்தைக் கொண்டுபோய் இது உன் பண்பாடு என்று நீட்டினால், ஆங்கிலப் பாடப்புத்தகம் நமக்குச் செய்ததை நாம் அவர்களுக்குச் செய்கிறோம்.

தோடர் பெண்களின் பூத்தையலை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல். முன்கூட்டி எதையும் வரைந்துகொள்வதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணித் தைக்கிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. படத்தைக் கட்டங்களாகப் பிரித்து எண்ணிக்கையாக நினைவில் வைப்பதுதானே கணினித் திரையும் செய்வது. ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் அந்தச் சமூகத்துச் சிறுமி முதல் நிரல் எழுதும்போது, அவள் அம்மா எண்ணும் எண்ணிக்கையிலிருந்து தொடங்க ஏன் கூடாது?

அதைச் செய்வது யார் என்பதில்தான் எனக்குக் கவலை. நகரத்திலிருந்து ஒரு குழு போய்ப் படம் எடுத்து, செயலி செய்து, விருது வாங்கித் திரும்புவதை நான் ஆதரிக்க மாட்டேன். நியூசிலாந்தில் தெ ஹிக்கு என்ற மாவோரிப் பழங்குடி ஊடக நிறுவனம் பத்தே நாளில் 300 மணி நேரத்துக்கு மேற்பட்ட மாவோரிப் பேச்சைத் திரட்டி, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளைத் தானே உருவாக்கியது. தரவைப் பெரிய நிறுவனங்களிடம் ஒப்படைக்க மறுத்தது; தன் மக்களின் பாதுகாப்பில் அது இருக்க வேண்டும் என்று உரிம விதியே எழுதியது. எந்த வடிவத்தை வகுப்பறைக்குக் கொண்டுவரலாம், எது சடங்குக்கு உரியது, எதை வெளியே காட்டக் கூடாது என்று சொல்லும் அதிகாரம் தைக்கும் பெண்களிடம் இருக்க வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அத்தோடு நிறுத்த வேண்டும்.

அரசு இதைத் தொடங்குவதாக இருந்தால் முதல் செலவு கணினிக்கு ஆகக் கூடாது என்பேன். பூத்தையல் அறிந்த பெண்களை மதிப்புறு விருந்தினராக ஒருநாள் மேடையில் உட்கார வைத்து அனுப்பிவிடாமல், கணினி ஆசிரியருக்கு இணையான ஊதியத்தில் பாட வேளை ஒதுக்கி வகுப்பில் அமர்த்த வேண்டும். பாடத்திட்டத்தை எழுதும் மேசையிலும் அவர்களுக்கு நாற்காலி வேண்டும். பழங்குடிப் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்கள் யாரேனும் இந்த வழியில் ஏதாவது செய்து பார்த்திருந்தால், என்ன சரியாக வந்தது, எங்கே தடங்கியது என்று விவரமாக எழுதுங்கள். பாடத்திட்டக் குழுவில் இருக்கும் நண்பர்களிடம் நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.