முதல் ஊசிக்கு முன்னால் எடுக்க வேண்டிய ரத்தம்

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசியைத் தானே போட்டுக்கொள்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவோம். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள். தொடையின் வெளிப்புறத் தசையில் 23 கேஜ் ஊசியால் அரை மில்லி எண்ணெய் மருந்தை மெதுவாக இறக்க, நர்ஸ் ஒருவர் இரண்டு தடவை காட்டிக்கொடுத்தால் போதும். "டாக்டர் இல்லாமல் போட்டால் செத்துப்போவாய்" என்று மிரட்டும் பதிவு இல்லை இது. என் சண்டை அந்த ஊசியோடு இல்லை, அதற்கு முந்தைய வாரத்தோடு.

நம் ஊரில் இது எப்படித் தொடங்குகிறது? களைப்பு, ஆசைக்குறைவு, ஜிம்மில் வெயிட் ஏறவில்லை. ஆப்பில் ஒரு பேக்கேஜ் டெஸ்ட். டோட்டல் டெஸ்டோஸ்டிரோன் 270 (ng/dL) என்று ரிப்போர்ட் வருகிறது. கோச்சிடம் காட்டினால் "சஸ்டா ஒண்ணு போட்டுப் பாரு ப்ரோ" என்கிறார். சஸ்டா என்றால் சஸ்டனான், ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ஒரு காலத்தில் லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருந்த வைத்தியரின் இடத்தில் இப்போது இவர். மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துதான், கிடைத்துவிடுகிறது.

அந்த 270-ஐக் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்க யூராலஜி சங்கம் வைத்திருக்கும் கோடு 300. ஹார்மோன் டாக்டர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டியின் 2018 வழிகாட்டி சொல்லும் கீழ் எல்லை 264. ஆக, இதே எண் ஓரிடத்தில் குறைவு, இன்னோரிடத்தில் நார்மல். இரண்டுமே கேட்பது ஒன்றுதான்: காலையில் எடுத்த ரத்தம், வேறு வேறு நாளில் இரண்டு தடவை, கூடவே அறிகுறிகளும் இருக்க வேண்டும். எண்டோகிரைன் சொசைட்டி வெறும் வயிறும் வேண்டும் என்கிறது. இட்லி சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்குக் கொடுத்த ரத்தம் குறைத்துத்தான் காட்டும். காய்ச்சல் வந்து எழுந்த வாரத்திலும் அப்படியே. நைட் ஷிஃப்ட்காரருக்குக் காலை என்பதே குழப்பம். தூங்கி எழுந்த பிறகு எடுக்க வேண்டும். முடி கொட்டுவதற்குப் பயோட்டின் மாத்திரை போடுபவர் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். சில லேப் மெஷின்களில் அது டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டிக் காட்டும்.

தொப்பையும் சர்க்கரையும் உள்ளவருக்கு இன்னொரு கணக்கு உண்டு. ஹார்மோனைச் சுமந்து செல்லும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் அவருக்குக் குறைவாக இருக்கும், அதனால் டோட்டல் குறையும், உடலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோனோ சரியாகவே இருக்கலாம். எஸ்.எச்.பி.ஜி.யும் ஆல்புமினும் எடுத்துக் கணக்குப் போட்டால்தான் தெரியும்.

இனிதான் முக்கியமான இடம். எல்.எச்., எஃப்.எஸ்.எச்., ப்ரோலாக்டின். மூன்றும் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்கள்; முதல் இரண்டும் விரைக்கு வேலை சொல்பவை. டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்.எச். ஏறியிருந்தால் கோளாறு விரையில்: பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கலாம், சின்ன வயதில் பொன்னுக்குவீங்கி விரைக்கு இறங்கியிருக்கலாம். எல்.எச். ஏறாமல் கிடந்தால் மேலிடத்தைச் சந்தேகிக்க வேண்டும். பிட்யூட்டரியில் ப்ரோலாக்டின் சுரக்கும் கட்டி இருந்தால், கேபர்கோலின் மாத்திரையிலேயே கட்டி சுருங்கிப் பலருக்கு டெஸ்டோஸ்டிரோன் தானாக ஏறிவிடும். முதுகுவலிக்கு மாதக்கணக்கில் விழுங்கிய ட்ரமடாலோ டேபென்டடாலோ, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கமோ, உடல் எடையோகூடக் காரணமாக இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி தீர்வே இல்லை.

ஊசி ஆரம்பித்துச் சில வாரங்களில் எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும் தரைதட்டிவிடும். அதன்பிறகு எந்தப் பெரிய டாக்டர் வந்தாலும் பழைய காரணத்தைப் படிக்க முடியாது. கைரேகையைத் துடைத்துவிட்டுப் போலீஸைக் கூப்பிடுகிற கதைதான். இதனால்தான் டாக்டர் பக்கம் நிற்கிறேன்.

மற்றபடி, யூடியூப் அமெரிக்கர்கள் சொல்லும் முறை இங்கே அப்படியே பொருந்தாது. அவர்களிடம் இருப்பது பலமுறை குத்தி எடுக்கக்கூடிய சின்ன மருந்து பாட்டில். இங்கே பெரும்பாலும் 250 மில்லிகிராம், 1 மில்லி கண்ணாடி ஆம்ப்யூல். வாரம் 100 மில்லிகிராம் என்றால் 0.4 மில்லிதான். மீதியை சிரிஞ்சில் இழுத்து ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த வாரம் போடுகிறார்கள். உடைத்த ஆம்ப்யூல் ஒரு முறைக்கு மட்டுமே. மிச்சம் பிடித்ததற்குச் சீழ்க்கட்டி கிடைக்கும். சஸ்டனானில் இருப்பது கடலை எண்ணெய், கடலை ஒவ்வாமை உள்ளவர் தொடவே கூடாது.

வாரம் 500 மில்லிகிராம் போடுபவர்கள் அதை டி.ஆர்.டி. (குறைந்த டெஸ்டோஸ்டிரோனை ஈடுகட்டும் சிகிச்சை) என்று சொல்லாமல் இருந்தால் நல்லது. வழிகாட்டியில் உள்ள அளவு வாரம் 75 முதல் 100, அல்லது இரண்டு வாரத்துக்கு 150 முதல் 200. ஐந்து மடங்கு போடுவது வேறு விளையாட்டு.

ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பது, எல்லோரும் மறக்கும் டெஸ்ட். இந்த ஊசி அதை ஏற்றிவிடும். சி.பி.சி. என்ற சாதாரண ரத்த டெஸ்டிலேயே வந்துவிடும். 48-க்கு மேல் இருந்தால் ஆரம்பிக்கவே கூடாது. ஆரம்பித்தால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு முறை, பிறகு பன்னிரண்டாம் மாதம், அதன்பின் வருடாவருடம். 54-ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும். "ரத்ததானம் பண்ணிட்டா இறங்கிடும் ப்ரோ" என்பது ஜிம் வைத்தியம். திரும்பத் திரும்பக் கொடுத்தால் இரும்புச்சத்து வற்றி, எந்தக் களைப்புக்காக ஊசி போட்டாரோ அதே களைப்பு வந்து நிற்கும். மார்பு லேசாக உறுத்தினாலே ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் அனஸ்ட்ரோசோல் மாத்திரையை விழுங்குவதும் இதே ரகம். ஆணுக்கும் ஈஸ்ட்ரோஜன் தேவை. அதை வறட்டினால் மூட்டு வலிக்கும், எலும்பு தேயும், ஆசையும் போகும்.

"2023-ல் வந்த டிராவர்ஸ் ஆய்வில் இதயத்துக்கு ஆபத்தில்லைன்னு சொல்லிட்டாங்களே?" 5,200 பேருக்கு மேல் சேர்ந்த ஆய்வு, மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்பது உண்மை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் ரத்தக்கட்டியும் சிறுநீரகப் பாதிப்பும் மருந்து எடுத்தவர்களிடம் கூடுதலாக வந்தன. அதோடு, அவர்கள் பூசியது ஜெல். ரத்தம் பார்த்து அளவைக் கூட்டிக் குறைத்தார்கள். கோச் சொன்ன அளவுக்கு அந்த நற்சான்றிதழ் செல்லாது.

டாக்டர்களையும் சும்மா விட முடியாது. மாதம் ஒரு 250 எழுதிக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதல் வாரம் வானத்தில், கடைசிப் பத்து நாள் பாதாளத்தில். "வயசாகுதுல்ல" என்று ரிப்போர்ட்டைத் திருப்பித் தருபவர்களும் உண்டு. குழந்தை வேண்டுமா என்று கேட்காமல் ஊசி எழுதுபவரை விட்டு உடனே எழுந்து வந்துவிடுங்கள். எண்டோகிரைனாலஜிஸ்ட் (ஹார்மோன் டாக்டர்) அல்லது ஆண்ட்ராலஜி (ஆண்களின் ஹார்மோன், குழந்தைப்பேறு மருத்துவம்) தெரிந்த யூராலஜிஸ்ட் வேண்டும். வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் தனித்துறையே இருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிப்பது அவர் வேலை; ஊசியை வீட்டில் போட்டுக்கொள்வதும் டெஸ்ட் தேதிகளை எழுதி வைப்பதும் உங்கள் வேலை. இந்தப் பங்கீட்டில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

குழந்தை விஷயம் சொன்னேன் இல்லையா. வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனை ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே உலக சுகாதார நிறுவனம் பரிசோதித்தது. முடிவு 1990-ல் வெளியானது. பெரும்பாலோருக்கு விந்தணு பூஜ்யத்துக்கு இறங்கியது. நிறுத்தினால் பலருக்கு ஆறு மாதம், ஒரு வருடத்தில் திரும்பும். சிலருக்கு இரண்டு வருடமும் ஆகும். குழந்தை வேண்டுபவருக்கு எச்.சி.ஜி., க்ளோமிஃபீன் என்று வேறு வழிகள் இருக்கின்றன, அதையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஏற்கனவே ஊசி போட்டவர் கருத்தரிப்பு மையத்துக்குப் போனால் மருந்தின் பெயர், அளவு, கடைசித் தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று மறைத்தால் குரோமோசோம் டெஸ்ட், விரை பயாப்ஸி வரை இழுத்துக்கொண்டு போகும். வாயால் சொல்லத் தயக்கம் என்றால் சீட்டை நீட்டினால் போதும்.