இலங்கை மலையகம் முழுவதும் கியூஆர் கட்டணத்துக்கு மாறிவிட்டதா? ஓர் உண்மை விளக்கம்

“மலையகத்தில் ஏறக்குறைய எல்லோரும் கைத்தொலைபேசியிலேயே பணம் செலுத்துவதாக ஆய்வு நிரூபித்துவிட்டது” என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இது தவறு. அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது, வணிகக் கல்வி மாணவர்கள் இணையப் படிவமொன்றை நண்பர்களுக்கு அனுப்பித் திரட்டிய பதில்களே. தேயிலைத் தோட்ட லயன் அறையில் பட்டன் போன் மட்டுமே வைத்திருக்கும், கொழுந்து பறிக்கும் ஒரு தாயிடம் அப்படிவம் போய்ச் சேர்ந்திருக்கவே முடியாது.

பதில்களின் எண்ணிக்கை இக்குறையை ஈடுசெய்யாது. 1936இல் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்று ஜனாதிபதித் தேர்தல் பற்றிய கருத்துக்கணிப்பில் 20 இலட்சத்துக்கும் அதிகமான பதில்களைப் பெற்றது. ஆயினும் தொலைபேசியும் காரும் வைத்திருந்தோரின் பட்டியல்களையே பெரிதும் நம்பியதாலும், பதில் அனுப்பாதோரைக் கணக்கில் எடுக்காததாலும், ரூஸ்வெல்ட் தோற்பார் என்று கணித்தது. அவரோ 48 மாநிலங்களில் 46இல் வென்றார்.

படிவத்தின் கேள்வியும் தெளிவற்றது. “டிஜிட்டல் வங்கிச் சேவையைப் பயன்படுத்துகிறீர்களா?” என்று கேட்டால், சம்பளம் கணக்கில் விழுந்த அன்றே ஏடிஎம் வாசலில் வரிசையில் நின்று முழுத்தொகையையும் எடுத்துவிடுபவரும் ‘ஆம்’ என்றே சொல்வார். ஹட்டனில் ஒரு கடை மேசையில், கைத்தொலைபேசியால் ஸ்கேன் செய்து பணம் செலுத்துவதற்கான லங்கா கியூஆர் அட்டை நிற்கலாம். அதன் அருகிலேயே கடன் கொப்பியும் விரிந்து கிடக்கலாம். மாணவர்களின் உழைப்பை நான் குறைகூறவில்லை. அவர்களின் தரவு, இணையத்தில் பதிலளித்தவர்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது.