பிரசவத்தோடு முடியாத பிரஷர்

கர்ப்பத்தில் பிரஷர் ஏறிய பெண்ணுக்கு எல்லாரும் சொல்கிற ஆறுதல், "பிள்ளை பிறந்தா சரியாயிடும்." இதில் பாதி உண்மை. மீதியை யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் மட்டுமில்லை, கோபமும் உண்டு.

கம்பம், கூடலூர்ப் பக்கம் பிறந்து, மலையேறி குமுளி, வண்டிப்பெரியாறு, அணக்கரையில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் எங்கள் சொந்தத்தில் நிறைய. மாதாமாதம் செக்கப் கேரளத்தில் நடக்கும். வளைகாப்பு முடிந்தால் தாய்வீடு, பிரசவம் தமிழ்நாட்டில். பிள்ளைக்குத் தலை நின்றதும் மறுபடி மலைக்கு. அங்கே ஆஷா சேச்சி, அதாவது ஊர்ச் சுகாதாரப் பணியாளர், வீடு தேடி வந்து பிள்ளையின் தடுப்பூசியைப் பற்றிக் கேட்பார். தாய்க்குப் பிரசவத்தில் என்ன நடந்தது என்ற காகிதம் கம்பத்தில் அம்மா வீட்டு அலமாரியில் கிடக்கும்.

என் சித்தி மகளுக்கு எட்டாம் மாதத்தில் முகம் வீங்கி, தலைவலி தாங்காமல், கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருந்தது. பிரஷர் 160/110. வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் ஊசி போட்டு, உடனே ஆபரேஷன் செய்து இரண்டு உயிரையும் காப்பாற்றினார்கள். அதற்கு என்றைக்கும் நன்றி. ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் தையல் பிரிக்கும் தேதியும் தடுப்பூசித் தேதியும் இருந்தன, இனிமேல் அவள் பிரஷரை எப்போது பார்க்கவேண்டும் என்று ஒரு வரி இல்லை. சில வருஷம் கழித்து ஏலத்தோட்டத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் அவளுக்கு மறுபடி பிரஷர் பார்த்தார்கள். அப்போதும் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

ப்ரீ எக்ளாம்ப்சியா என்கிற இந்த நோய், அடிப்படையில் ரத்தக் குழாய்களின் நோய். கருப்பைச் சுவரில் சுருள் சுருளாகச் சின்னத் தமனிகள் இருக்கின்றன. கர்ப்பம் வளர வளர அவை இளகி, அகன்று, நஞ்சுக்கொடிக்குத் தாராளமாக ரத்தம் விடவேண்டும். சிலருக்கு அவை சரியாக அகலுவதில்லை. ரத்தம் போதாத நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் அளவுக்கு மீறி விடுகிறது. அவை உடம்பு முழுக்க ரத்தக் குழாய்களின் உள்பூச்சைக் கெடுக்கின்றன. சிறுநீரகத்தில் பாதிப்பு வந்தால் சிறுநீரில் புரதம் இறங்கும், கல்லீரலில் வந்தால் மேல்வயிறு வலிக்கும், மூளையில் வந்தால் வலிப்பு. 20 வாரத்துக்குப் பிறகு 140/90ஐத் தொட்டாலே கவனிக்கவேண்டும் என்பது இதனால்தான். பிரசவமான பிறகும் ஆறு வாரம் வரை இது வரலாம்.

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் பிரஷர் பெரும்பாலும் இறங்கிவிடும், குழாய்களின் கதை அதோடு முடிவதில்லை. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. இந்த நோய் வந்த பெண்களுக்குப் பின்னாளில் இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு, மாரடைப்பு வகை இதயநோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு சுமார் 2 மடங்கு என்றது. அமெரிக்க இதயச் சங்கம் 2011லேயே இதை இதயநோய்க்கான அபாயக் காரணிகளில் சேர்த்துவிட்டது.

நம் நாட்டிலோ பிரஷர், சர்க்கரைக்கான பொதுப் பரிசோதனையே 30 வயதில்தான் தொடங்குகிறது. 22இல் பிரசவித்தவளை அதுவரை யார் பார்ப்பது? 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் பிறப்புக்குத் தாய்மரணம் கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54. பிரசவ மேசையில் உயிரைக் காப்பதில் இரண்டு மாநிலமும் பெருமைப்படலாம். காப்பாற்றிய அந்தப் பெண்ணை 40 வயதில் பக்கவாதத்துக்குக் கொடுப்பது என்ன நியாயம்?

எல்லை தாண்டுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டிஸ்சார்ஜ் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து இரண்டு வீட்டிலும் வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், பல்வலிக்கே போனாலும், "எனக்குக் கர்ப்பத்தில் பிரஷர் இருந்தது" என்று முதலில் சொல்லுங்கள். அடுத்த கர்ப்பம் என்றால் மூன்றாம் மாதமே டாக்டரைப் பாருங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரினை 16 வாரத்துக்குள் தொடங்கினால் இது திரும்ப வரும் வாய்ப்பு குறையும். டாக்டர் சொல்லித்தான் அதைச் சாப்பிடவேண்டும், நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். அப்புறம், இப்போது பல வீடுகளில் மாமனாருக்காக வாங்கிய பிரஷர் மெஷின் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதை மருமகள் கையிலும் கட்டிப் பாருங்கள்.