மதக் குழுவில் இருந்தபோதும் ஆய்வு நிற்கவில்லை
பூச்சிகளை ஆராய்ந்து வரைந்த 17ஆம் நூற்றாண்டு ஓவியர் மரியா சிபில்லா மெரியன், லபாடிஸ்ட் என்ற கிறிஸ்தவ மதக் குழுவில் சேர்ந்ததும் பூச்சி ஆய்வைக் கைவிட்டார் என்கிறது அவரைப் பற்றிய ஒரு கட்டுரை. இதை ஏற்க முடியவில்லை. 1683க்குப் பிறகு 1705 வரை அவருடைய பெரிய நூல் எதுவும் வரவில்லை, சரி. அதற்காக வேலை நின்றுபோனது என்று சொல்லிவிட முடியுமா? நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் அந்தக் குழுவோடு வாழ்ந்தபோதுதான் தவளையை அறுத்துப் பார்த்தார். முட்டை தலைப்பிரட்டையாகி, அதற்குக் கால் முளைப்பது வரை குறித்துவைத்தார். சிறுவயதில் பட்டுப்புழு வளர்த்த காலத்திலிருந்து சேர்ந்திருந்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தியதும் அங்கேதான். குழு தங்கியிருந்த மாளிகை தென் அமெரிக்காவில் டச்சுக் குடியேற்றமாக இருந்த சுரினாமின் அன்றைய ஆளுநர் குடும்பத்துக்குச் சொந்தமானது. அந்த நாட்டைப் பற்றி அவர் அறிய அதுவே ஒரு வழி. 1699இல், 52 வயதில், மகளோடு அந்த நாட்டுக்கே கப்பலேறிவிட்டார். அப்புறம், பக்தி கண்ணை மறைக்கும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்துச் சொன்ன ஒருவர் எழுதியிருக்கிறார். 1679இல் வந்த கம்பளிப்புழு நூலின் முன்னுரையில் புகழெல்லாம் கடவுளுக்கே என்றுதான் மெரியன் சொல்கிறார். ஆனால் சில கூட்டுப்புழுக்களிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் ஈக்கள் வெளிவந்தபோது, காரணம் பிடிபடாவிட்டாலும், கண்டதைக் கண்டபடியே பதிவு செய்தார். படைப்பைத் திருத்திக் காட்டக் கூடாது என்ற பயபக்திதான் அவரை அவ்வளவு துல்லியமாக வரைய வைத்தது என்று நினைக்கிறேன்.