பாண் ஓட்டோவும் காதைப் பொத்தும் பிள்ளையும்

பின்னேரம் நாலரைக்குப் பாண் ஓட்டோ வரும். அது போட்டுக்கொண்டு வரும் பீத்தோவன் மெட்டு எங்கள் காதில் விழ முதலே, ஓட்டோ அடுத்த ஒழுங்கையில் திரும்பும்போதே, அக்காவின் மகன் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். அவனுக்குச் சத்தம் தாங்காது. ஓட்டிசம் என்று உறுதியாகி மூன்று வருடம்.

"தாய் கடைசிச் சண்டைக்குள்ள பங்கருக்குள்ள கிடந்தவள். அந்தப் பயம்தான் பிள்ளையில இறங்கியிருக்கு." ஊரில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். 2009 எங்கே, இவன் பிறந்த 2018 எங்கே? வன்னியில் எதற்கும் ஷெல்லைச் சாட்டிப் பழகிவிட்டோம். மிச்சப் பேருக்கு, தாய் போனைக் கொடுத்துப் பழக்கிய பிழை. அமெரிக்காவிலும் 1950, 60களில் டொக்டர்மாரே, ஃபிரிட்ஜ் போலக் குளிர்ந்த, பாசமில்லாத 'ஃபிரிட்ஜ் தாய்மாரால்' ஓட்டிசம் வருகிறது என்று சொல்லித் திரிந்தார்கள். பிறகு அது பிழை என்றானது. மூளை வளரும் விதத்தோடு சேர்ந்து வருவது ஓட்டிசம். பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு. இதை எத்தனை தரம் சொன்னாலும் அக்கா இரவில் தன்னைத்தானே விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

எனக்குக் கோபம் வேறொன்றில். திடீர்ச் சத்தம் உடம்பை என்ன செய்யும் என்று வன்னிச் சனத்துக்கு ஆர் சொல்லித்தர வேணும்? வெடி கொளுத்தினால் துள்ளி எழும்பும் அம்மாமார் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊர் இரங்கும். காதைப் பொத்தும் பிள்ளைக்கு மட்டும் "குழப்படி", "செல்லம் குடுத்துக் கெட்டது".

2009இல் வந்த ஓர் இலங்கை ஆய்வு, ஒன்றரை முதல் இரண்டு வயதுப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவருக்கு ஓட்டிசம் என்று கணக்குச் சொன்னது. எங்கள் பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகள். அந்தக் கணக்குப்படி மூன்று பேராவது இருக்கவேணும். இவனை விட்டால் மற்ற இரண்டு பேர் எங்கே? 'மக்கு' என்ற பேரோடு பின்வாங்கிலா, வீட்டுக்குள்ளேயா?

யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் போகும் நாளில் அத்தானுக்குக் கூலி இல்லை. விடிய ஐந்தரை பஸ், அங்கே அரை மணி நேரம். மிச்ச நாளெல்லாம் அவன் இருப்பது எங்களோடு.

பாண்கார அண்ணையிடம் ஒருநாள் சொன்னேன். இப்போது மதகடியிலேயே மெட்டை நிறுத்திவிட்டு வருகிறார். ஓட்டிசம் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதில்லை. "அதுக்கென்ன தம்பி, சத்தம் போடாட்டியும் பாண் விக்கும்" என்றார்.

கோயில் சபையிடமும் கேட்டேன். திருவிழாவை நிறுத்தச் சொல்லவில்லை, வேப்பமரத்தில் கட்டும் ஸ்பீக்கரை மற்றப் பக்கம் திருப்பிவிடுங்கள் என்றுதான். "ஒரு பிள்ளைக்காகவோ?" என்றார்கள். கொடியேற இன்னும் மூன்று கிழமை. திரும்பவும் போய்க் கேட்பேன்.