கலைஞரிடம் வேலையைப் பற்றிக் கேளுங்கள்

நடிப்பு, இசை இரண்டையும் கொழும்பிலேயே இருந்து செய்கிற ஒரு தம்பி போன கிழமை முகநூல் லைவில் வந்து ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பெயர் எழுதவில்லை, ஏனென்றால் நான் சொல்ல வந்தது அவரைப் பற்றியல்ல, அவரிடம் நாம் கேட்டவற்றைப் பற்றி. "அண்ணா எப்ப கல்யாணம்?" "இந்தியாப் படத்தில எப்ப பார்க்கலாம்?" "மட்டக்களப்பில இருந்து பார்க்கிறம், ஒரு ஹாய் சொல்லுங்க." திரும்பவும் "இந்தியா எப்ப அண்ணா?" எல்லோருக்கும் முகம் கோணாமல் பதில் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

நடுவில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டது: "வெள்ளவத்தையில இவ்வளவு சத்தத்துக்குள்ள குரலை எப்படி ரெக்கோர்ட் பண்றீங்க?" அதோடு ஆளே மாறிவிட்டார். போனைக் கையில் எடுத்துக்கொண்டு போய் உடுப்பு அலுமாரியைத் திறந்து காட்டினார். அம்மாவின் சேலைகளுக்கு நடுவில் மைக் தொங்குகிறது. துணி எதிரொலியைக் குடித்துவிடும், அதுதான் அவருடைய ஸ்டூடியோ. கடற்கரை ரயில் பாதை வீட்டுக்குப் பின்னால் ஓடுகிறது. அதனால் ரயில் நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார். மெதுவான பாட்டு என்றால் கடைசி ரயில் போய், காலி வீதியில் பஸ் சத்தமும் அடங்கின பிறகுதான் பாடுவாராம். பிறகு கிட்டாரை எடுத்து ஒரு பழைய கம்பியில் கட்டை விரலை ஓட்டினார். விரலில் மண்ணிறமாகத் துரு. உப்புக் காற்று கம்பியைத் தின்றுவிடும், வாசித்து முடித்த கையோடு வியர்வை போகத் துடைத்து உறைக்குள் வைக்காவிட்டால் அந்தக் கம்பி அவ்வளவுதான் என்றார். அந்தப் பிள்ளைக்கு அந்தச் சில நிமிடங்களில் கிடைத்ததை எந்த வகுப்பிலும் காசு கட்டிப் படிக்க முடியாது.

இன்னொரு அக்கா கேட்டது அதைவிட நேரடியான கேள்வி. "தம்பி, நடிகர் எண்டு சொல்றீங்க, உங்களைத் திரையில அவ்வளவாக் காணேல்லையே?" அவருக்குக் கோபம் வரவில்லை. தன்னுடைய நடிப்பில் பாதிக்கு மேல் குரலில்தான் நடக்கிறது என்று சொல்லித் தொடங்கினார். இங்கே விளம்பரம் பெரும்பாலும் முதலில் சிங்களத்தில் எழுதித்தான் படமாக்கப்படுகிறது, தமிழ்க் குரல் பிறகு வருகிறது. 30 செக்கன் விளம்பரத்தில் நடிகையின் வாய் மூடும் இடத்தில் தமிழும் முடிய வேண்டும். ப, ம போல உதடு ஒட்டுகிற எழுத்து சிங்களத்தில் எங்கே விழுகிறதோ, தமிழிலும் கிட்டத்தட்ட அங்கே அப்படி ஒன்று விழ வேண்டும். இல்லாவிட்டால் ஏன் என்று தெரியாமலே பார்க்கிறவர் கண்ணை உறுத்தும். பாட்டு விளம்பரம் என்றால் இன்னும் சிக்கல். மெட்டு சிங்களச் சொல்லுக்கென்று போட்டது. அதில் தமிழைத் திணிக்கும்போது குறில் வரவேண்டிய இடத்தில் நெடிலை இழுத்தால் சொல்லே வேறாகிவிடும். ஒரே வரியைக் கெட்டுப்போனபடி ஒரு தரம், திருத்தினபடி ஒரு தரம் பாடிக் காட்டினார். நாம் வருடக்கணக்காக வீட்டில் கேட்கிற விளம்பரங்களுக்குப் பின்னால் இப்படி ஒரு கைவேலை இருக்கிறது. அதைச் செய்கிறவர்களின் பெயர் எந்தத் திரையிலும் வருவதில்லை.

இவ்வளவையும் சொல்லி முடித்த மனிதரிடம் அடுத்து வந்த கேள்வி, "அப்ப இந்தியா எப்ப?"

இந்தியாவுக்குப் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. போகிறவர் போகட்டும், சந்தோசம். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. இங்கே செய்கிற வேலை வேலையே இல்லை, அது அங்கே போவதற்கான ஒத்திகை மட்டும்தான் என்கிற தீர்ப்பு. அதைக் கேட்கிறவர்கள் நம்முடைய கணக்கையும் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சனத்தொகை 7 கோடிக்கு மேல். 2012 கணக்கெடுப்பின்படி இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் எல்லோரையும் சேர்த்தாலும் இங்கே தமிழ் பேசுகிறவர்கள் சுமார் 50 இலட்சம். படம் எடுக்க இரண்டு இடத்திலும் செலவு இருக்கிறது, ரிக்கெட் வாங்குகிற கைதான் இங்கே குறைவு.

ஆட்கள் குறைவு என்பதோடு கதை முடியவில்லை. சுதந்திர சதுக்கத்துப் பக்கமிருந்து வந்த இலங்கை வானொலி நாடகங்களுக்கு ஒரு காலத்தில் எவ்வளவு செல்வாக்கு இருந்தது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எஸ். ராம்தாஸின் வானொலி நாடகம் ஒன்று அந்தச் செல்வாக்கோடுதான் 1976இல் 'கோமாளிகள்' என்ற படமாக வந்தது. சில்லையூர் செல்வராசன் கவிஞராகவும் நடிகராகவும் ஒலிபரப்பாளராகவும் இங்கேயே இருந்து பெயர் எடுத்தார். பிறகு 1983 ஜூலைக் கலவரத்தில், கொழும்புக்குப் பக்கத்து ஹெந்தளையில் படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவை எரித்தார்கள். படச் சுருள்களும் அதோடு போயின. எரிந்ததைத் திரும்பக் கட்ட விடாமல் யுத்தம் வந்தது. கொழும்பில் ஒரு இளைஞன் அலுமாரிக்குள் நின்று பாடுகிறான் என்றால், அவனுக்கு முன்னால் கட்டியெழுப்பியவற்றில் பாதி இப்படித்தான் இல்லாமல் போனது. "ஏன் அங்கே மாதிரி இங்கே இல்லை?" என்று கேட்கிறவர் இதைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

ஏ. ஈ. மனோகரன் நினைவுக்கு வருகிறார். பாடகர், நடிகர் இரண்டும்தான். இங்கே பொப்பிசை மேடைகளில் பெயர் எடுத்து, 1978இல் வந்த 'வாடைக்காற்று' படத்தில் நடித்தார். தமிழகம் போய் சிலோன் மனோகர் என்ற பெயரோடு பல படங்களில் வந்தார். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். இந்தியாவுக்குப் போனவர்தானே, கேள்வி கேட்கிறவர்கள் விரும்பின உதாரணமே அவர்தான். அவருடைய 'சுராங்கனி' பாட்டுக்கு நம் கல்யாண வீடுகள் இன்றைக்கும் ஆடுகின்றன. ஆனால் அவருக்குப் பின்னால் ட்ரம்ஸ் அடித்தவர் யார், எங்கே ஒத்திகை பார்த்தார்கள், சிங்கள ரசிகர்களுக்கு முன்னால் தமிழில் பாடின அந்த முதல் இரவுகள் எப்படிப் போயின? அவர் உயிரோடு இருந்தபோது கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டியவை இவை. இப்போது யாரிடம் போய்க் கேட்பது?

காசைப் பற்றிக் கேட்பதை நம் ஆட்கள் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். நான் அதைக் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி என்று நினைக்கிறேன். யூடியூப்பில் விளம்பரக் காசு வர 1,000 சந்தாதாரர்கள் வேண்டும், அதோடு 12 மாதத்துக்குள் 4,000 மணித்தியாலப் பார்வையோ 90 நாளுக்குள் ஷோர்ட்ஸ் என்கிற குறுங்காணொளிகளுக்கு 1 கோடிப் பார்வையோ வேண்டும். அதைத் தாண்டினாலும், பார்க்கிறவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் வருமானம். கனடாவில் இருந்து பார்க்கிற மாமியின் ஒரு பார்வையும் கொட்டாஞ்சேனையில் இருந்து பார்க்கிற தம்பியின் ஒரு பார்வையும் காசில் ஒன்றல்ல. ஆகவே இங்கே பாட்டுக்காரர்களுக்குச் சோறு போடுவது கல்யாண வீடு. அங்கே இந்தியச் சினிமாப் பாட்டு வேண்டும், சொந்தப் பாட்டுக்குப் பந்தி நடக்கிற நேரம்தான் கிடைக்கும். இதை அந்தத் தம்பி சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் எனக்கு வலித்தது.

உரிமை விசயமும் அப்படித்தான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு படைப்பின் பொருளாதார உரிமை, அதாவது அதை வைத்துக் காசு சம்பாதிக்கிற உரிமை, ஆக்கியவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த பிறகு 70 வருடமும் நிற்கும். அப்படிப்பட்ட ஒன்றை நம் பிள்ளைகள் வட்ஸ்அப்பில் ஒரு "ஓகே அண்ணா"வோடு கொடுத்துவிடுகிறார்கள். எழுத்தில் என்ன இருக்கிறது என்று ரசிகர்கள் வெளிப்படையாகக் கேட்கத் தொடங்கினால், அடுத்த முறை அந்தப் பிள்ளைகளும் கேட்பார்கள்.

நடிக்கிற, பாடுகிற பெண்களின் லைவ்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அங்கே வருகிற கேள்விகளில் பாதி உடுப்பைப் பற்றி, மீதி கல்யாணத்தைப் பற்றி. அவற்றை எழுதுகிறவர்களில் என் நட்புப் பட்டியலில் இருக்கிறவர்களும் உண்டு. உங்கள் தங்கச்சி மைக் பிடித்தால் இதைத்தான் கேட்பீர்களா? நிறுத்துங்கள்.

அடுத்த மாதமும் லைவுக்கு வருவேன் என்று அந்தத் தம்பி சொல்லியிருக்கிறார். நான் கேட்கப் போவதை இப்போதே எழுதி வைத்துவிட்டேன். யாழ்ப்பாணத்துப் பாத்திரத்துக்குக் குரல் கொடுக்கும்போதும் ஹட்டன் பாத்திரத்துக்குக் கொடுக்கும்போதும் வாயில் எதை மாற்றுகிறார்? சொந்தப் பாட்டை மேடையில் கேட்ட முதல் ஆள் யார்? விளம்பரத்துக்கு அவர் போட்ட மெட்டுகள் இப்போது யார் பெயரில் இருக்கின்றன? உங்களுடைய கேள்விகளையும் கீழே எழுதுங்கள், அவரிடம் சேர்த்துவிடுகிறேன். வேலையைப் பற்றி மட்டும்.